பலகையின் மறுபக்கம்

என் நோய்க்கு அப்பா முதலில் கண்ணாடி போட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். கடையின் பின்பக்கத்து இருட்டறையில் நின்று, வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்று கேட்பதே அவருடைய தொழில். பள்ளியின் கடைசி வருடத்தில் ஒரு நாள், "படிக்க முடியலப்பா" என்று நான் சொன்னபோது அவர் வேறு என்ன நினைத்திருக்க முடியும்? கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

எழுத்துகள் எனக்குத் தெரிந்தன. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நல்ல கறுப்பாகத் தெரிந்தது. வரியின் கடைசிக்குப் போவதற்குள் அதன் தொடக்கம் காணாமல் போய்விடும், அவ்வளவுதான். புத்தகத்தோடு படுத்து, புத்தகத்தோடு எழுந்தவள் நான். ஒரே பக்கத்தைப் பதினோரு தடவை படித்துவிட்டு, பன்னிரண்டாவது தடவை மூடி வைத்தேன்.

"இதுவா, அதுவா?" என்று அப்பா கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். "அது" என்றேன். அந்த முகம் மலர்ந்தது. கால் பாயின்ட் கூட்டி ஒரு கண்ணாடி வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் மூன்றாவது. மூன்றாவதை மாட்டிக்கொண்டு போய்த்தான் காலாண்டுத் தேர்வில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மறுவாரம் பள்ளிக் கழிப்பறையில் இரண்டு பீரியட் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பீரியட் ஆனது எனக்குத் தெரியாது. வகுப்பு ஆசிரியை அம்மாவுக்குப் போன் செய்தார். அதோடு பள்ளிக்கூடம் நின்றது, ஆஸ்பத்திரி தொடங்கியது.

அந்த மூன்று கண்ணாடிகளும் கடை மேசையின் இழுப்பறையில் இருக்கின்றன. அந்த வாரம் அவற்றுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் தந்த இரண்டு தாள்களும் இருந்தன.

*

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு தாளை நிரப்பச் சொல்வார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி இருந்ததா என்று கேட்டு, பக்கத்தில் நான்கு கட்டங்கள்: இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அநேகமாகத் தினமும். தூக்கம், பசி, களைப்பு என்று போய், ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிட இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றியதா என்பது.

முதல் தடவை உண்மையாகத்தான் நிரப்பினேன். நர்ஸிடம் கொடுப்பதற்குள் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே டம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கவர்கள் அவள் கையில் போகும். "மேல விலாசம் எழுதியிருந்தா போதும், கண்ணை மூடிட்டு அந்தந்தப் பெட்டியில போட்டுருவேன். உன் முகத்துலதான்டி ஒண்ணும் எழுதல" என்பாள்.

அதனால் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது மாதம் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன். திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாதம் களைப்பும் பசியும் ஒரு கட்டம் நகர்ந்தன. நான்காவது மாதம் எனக்குத் தாளைப் பார்க்கவே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டால் நம்ப மாட்டார்கள் என்று தூக்கத்துக்கு மட்டும் 'சில நாள்' விட்டுவைத்தேன்.

டாக்டரம்மா கூட்டிப் பார்த்தார். "நம்பர் நல்லா இறங்கியிருக்கு. இதை வெச்சுப் பார்த்தா நீ திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் போலாம். லெட்டர் தர்றேன்" என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆனா பகல் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. பன்னிரண்டு வாரம். காலைல ஒன்பதுக்கு வந்தா நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம். அதுல சேர்ந்தா இந்த வருஷப் படிப்பு போயிடும். அதுவும் திங்கட்கிழமைதான் ஆரம்பம். இதை விட்டா அடுத்த இடம் எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. சேர்க்கைத் தாளும் தர்றேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள போன் பண்ணிடுங்க. வரிசையில இன்னொருத்தர் இருக்காங்க."

"நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?" என்றாள் அம்மா.

"தாளை எழுதினது அவதானே. அவளே சொல்லட்டும்."

வீட்டிலும் அதே பேச்சுதான். அம்மா, "உன் இஷ்டம்டி" என்றாள். அப்பா, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் பாப்பா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டார்கள். நடுவில் நான் மட்டும் விளக்கு எரிகிற கூடத்தில் இருந்தேன். யாராவது ஒருத்தர் அதட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அறைக் கதவுக்குப் பின்னால் சீருடை தொங்கியது. கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு.

"சும்மாதான். பெட்டியில கசங்கிக் கிடந்துச்சு" என்றாள் அம்மா. நான் கேட்கவே இல்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் கொசு என்று பெயர். ஆளும் சின்னது, காதருகில் ஓயாமல் பேசிக்கொண்டும் இருப்பாள். அவளும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "திங்கட்கிழமை வர்றியா இல்லியா? ஜன்னலோரத்தை அஞ்சு மாசமா உனக்காகக் காவல் காக்கறேன். வரலேன்னா நானே உக்காந்துக்குவேன், அப்புறம் அழக் கூடாது."

என் தாளில் இருந்த பெண் பள்ளிக்கூடம் போகலாம். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தாளை எழுதியவள் எங்கே போவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அவள் இருப்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

*

சனிக்கிழமை காலை வழக்கம்போல அப்பாவோடு கடைக்குப் போனேன். பள்ளி நின்றதிலிருந்து அங்கே எனக்கு ஒரு வேலை உண்டு. இருட்டறையின் கோடியில் எழுத்துப் பலகை தொங்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அதன் பக்கத்தில் கோலோடு நின்று, அப்பா சொல்கிற வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

அந்தப் பலகைக்கு இரண்டு பக்கம்; மறுபக்கத்தில் வேறு எழுத்துகள். இது வெளியே யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். பார்வை மங்கியவர்கள், முன்னால் வந்துபோன ஆளிடம் எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவது உண்டு. அப்பாவுக்குச் சந்தேகம் வந்தால் நாற்காலியின் கையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் பலகை விளக்கை அணைத்து, இருட்டில் பலகையைத் திருப்பிவிட்டு மறுபடி போடுவேன். "இந்த பல்பு ஒண்ணு, விட்டு விட்டு எரியுது" என்று அப்பா அலுத்துக்கொள்வார். அவர் சொல்லும் ஒரே பொய் அதுதான்.

முன் அறையில் வில்லை தேய்க்கிற தூள் மாமா உட்கார்ந்திருப்பார். தேய்க்கிற தூள் படிந்து புருவமெல்லாம் வெள்ளை. "வா சின்ன டாக்டர். இன்னிக்குத்தானே கடைசி நாள்? திங்கட்கிழமையிலேர்ந்து உங்கப்பாவுக்கு யாரு குச்சி புடிக்கிறது? நானா?" என்றார்.

"நீங்கதான் மாமா."

"நான் புடிச்சா வந்தவன் பலகையைப் பார்க்க மாட்டான், என் புருவத்தைப் பார்ப்பான்."

நான் சிரித்தேன். சிரிக்கிற இடம் எதுவென்று இப்போதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியும்.

பத்தரை மணிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். "சார், வண்டி லோடோட நிக்குது. அஞ்சு நிமிஷத்துல முடிச்சு விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து இடது கண்ணை மூடினார். நான் கோலை எடுத்தேன். முதல் வரி சொன்னார். இரண்டாவது சொன்னார். மூன்றாவது வரிக்கு நான் கோலைக் கொண்டுபோவதற்குள் பதில் வந்துவிட்டது.

டொக், டொக்.

விளக்கை அணைத்தேன். பலகையைத் திருப்பினேன். விளக்கைப் போட்டேன்.

"இந்த பல்பு ஒண்ணு" என்றார் அப்பா. "நாலாவது வரி சொல்லுங்கண்ணே."

'வ' என்ற எழுத்தில் கோலை வைத்தேன்.

"ப" என்றார் டிரைவர்.

'ர'வில் வைத்தேன்.

"ந."

'க'வில் வைத்தேன்.

"ட. அடுத்து ம" என்றார், நான் கோலை நகர்த்துவதற்கு முன்பே. வகுப்பில் எழுந்து நின்று செய்யுள் ஒப்பிக்கிற பையனின் குரல். ஒரு தடுமாற்றம் இல்லை. முன் அறையில் தூள் மாமாவின் இயந்திரம் நின்றது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

அப்பா சிரிக்கவில்லை. "போதும்ணே" என்றார். வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வலது கண்ணு எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றார்.

டிரைவர் வலது கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அப்பா அவசரப்படுத்தவில்லை.

"மழைக்கு முன்னாடியே" என்றார் கடைசியில்.

"இது கண்ணாடியில சரியாகாதுண்ணே. உள்ள பார்க்கணும். கண்ணாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க."

"எடுக்காம? ஒரு கையெழுத்து போட உங்களுக்கு என்ன சார் கேடு? ஒரு எழுத்து விடாமச் சொன்னேன்ல?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு பாப்பா. நான் ஒண்ணாவது தப்பாச் சொன்னேனா?"

பலகையைத் திருப்பியதே அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணில் எல்லாப் பலகையும் ஒரே வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

இல்லை, எல்லாம் சரியாகத்தான் சொன்னீர்கள் என்பது என் வாய் வரை வந்துவிட்டது. அந்த முகத்துக்கு அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கோலை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அவர் எழுந்து, அப்பா எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வாசல் படியில் கால் இடறி, யாரையோ திட்டிக்கொண்டே போனார்.

"அடேங்கப்பா, என்னா மனப்பாடம்! படிக்கிற வயசுல இப்படிப் படிச்சிருந்தா அந்த ஆளு கலெக்டர்" என்றார் தூள் மாமா. அப்பா கை கழுவப் போனார்.

நாற்காலி இடுக்கில் ஒரு காகிதம் செருகியிருந்தது. நோட்டிலிருந்து கிழித்தது. எங்கள் பலகையின் எழுத்துகள் வரி வரியாக, ஒரு குழந்தையின் முத்து முத்தான கையெழுத்தில். யாரோ சொன்னதைப் பிள்ளையிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பிள்ளை படிக்க, அவர் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சரியாகச் சொன்னதற்கு அடையாளமாக டிக், டிக், டிக். நான்காவது வரிக்குப் பக்கத்தில் பதினான்கு டிக்குகள்.

மழைக்கு முன்னாடியிலிருந்து அவர் ஓட்டிய சாலைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வலது பக்கத்தில் யார் யாரோ நடந்துபோயிருப்பார்கள். தன்னை அவர் பார்க்கிறார் என்று நம்பி நடந்திருப்பார்கள்.

காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். மணி பதினொன்று இருபத்தைந்து.

அப்பா பலகையைப் பழைய பக்கத்துக்குத் திருப்பி வைக்க வந்தார். "என்ன பாப்பா, இங்க உக்காந்துட்ட? கண்ணு வலிக்குதா?"

"இல்லப்பா."

"பின்ன?"

அவர் பலகையின் விளிம்பில் கை வைத்தபோது, நாற்காலியின் கையை இரண்டு தட்டுத் தட்டினேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் லேசாகச் சிரித்தார். பழக்கத்தில் கை தானாகப் போய் விளக்கை அணைத்தது. இருட்டில் பலகை திரும்புகிற சத்தம் கேட்டது.

"அப்பா, லைட்டப் போடாதீங்க" என்றேன்.

அவர் போடவில்லை.

"ஆஸ்பத்திரித் தாளை நான் மனப்பாடமாத்தான்பா எழுதினேன்."

முன் அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு வில்லையைத் தேய்த்து முடித்தது.

"எத்தனை வரி?" என்றார் அப்பா.

"ஒன்பதும்."

"ஒன்பதாவதும் மனப்பாடமா?"

"அதைத்தான்பா முதல்ல பண்ணினேன்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. சுவரைப் பார்த்துப் பேசுகிறவர்போல, "ரெண்டாவது கண்ணாடி போட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன?"

"ஒரே வில்லையைத்தான் ரெண்டு தடவை வெச்சேன். நீ 'அது நல்லாருக்கு'ன்ன. கண்ணுல ஒண்ணும் இல்லேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா கண்ணாடி செஞ்சீங்க? மூணாவது வேற செஞ்சீங்க."

"வேற எதைச் செய்யறதுன்னு தெரியல பாப்பா."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. விளக்கைப் போட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் சுத்தமாக இருந்த வில்லை ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து, மூன்று கண்ணாடிகளையும் தள்ளிவிட்டு, அடியிலிருந்த சேர்க்கைத் தாளை எடுத்தேன். அதில் நம்பர் இருந்தது.

உன் இஷ்டம் என்று இப்போது சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"போன் போடு. நான் இங்கயே நிக்கறேன்" என்றார்.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. போன் மூன்றாவது தடவை அடித்ததும் எடுத்தார்கள். பகல் பிரிவில் சேர வருகிறேன் என்று சொன்னேன். பெயரைச் சரிபார்த்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். "போன தடவை கொடுத்த தாளை மறுபடி எழுதணும்" என்றேன். போனில் இருந்த பெண், "ஒன்பது கேள்வித் தாளாம்மா? டாக்டர்கிட்ட இப்பவே சொல்றேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"அப்பா இருக்கார்" என்றேன்.

*

அம்மாவிடம் அப்பாதான் சொன்னார். நான் என் அறையில் இருந்தேன். அம்மா வந்து கதவுக்குப் பின்னாலிருந்து சீருடையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் மெதுவாக மடித்தாள். ஒரு கை, இன்னொரு கை, காலர். "பெட்டிக்கு அடியில வெக்கல, மேலயே வெக்கறேன்" என்றாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். குழாய்ப் பக்கம் போகவில்லை. அவள் அழுவதை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே இருந்தோம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் பள்ளி வழியாகத்தான் போகும். அம்மா கூட வருகிறேன் என்றாள்; வாசல் வரை மட்டும் என்று சொல்லி, எனக்கு இரண்டு இருக்கை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பாதி வழியில் சீருடைகள் ஏறின. கொசுவும் ஏறினாள். என் சாதாரண உடையைப் பார்த்தாள். அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"அப்ப ஜன்னலோரம்?" என்றாள், இறங்குவதற்கு முன்.

"நீ உக்காந்துக்கோ."

"சரி" என்றாள். படியில் நின்று திரும்பி, "தேய்ச்சுத் தேய்ச்சுப் பழசாக்கி வெக்கறேன் போ" என்றாள்.

எல்லோரும் இறங்கியபின் பஸ் ஒரேயடியாகக் காலியாகிவிட்டது. பள்ளி மணி அடித்தது. அடித்து ஓயும் வரை கேட்டது. அதற்கப்புறம் இரண்டு நிறுத்தம்.

பகல் பிரிவில் வட்டமாகப் பத்து நாற்காலிகள். என் வயதில் யாரும் இல்லை. ஒருவர் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, தன் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியைக் காலி செய்தாள். நர்ஸ் ஒரு அட்டையில் செருகிய தாளைக் கொண்டுவந்து தந்தாள். அதே ஒன்பது கேள்விகள்.

முதல் கேள்வியைப் படித்தேன். வரியின் கடைசிக்குப் போனதும் தொடக்கம் போய்விட்டது. திரும்பிப் போய்ப் படித்தேன். மறுபடியும் படித்தேன். என் கைக்குப் பழைய விடை தெரியும். அது கட்டத்தை நோக்கித் தானாகப் போனது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரத்தின் நாட்களை ஒவ்வொன்றாக நினைக்க முயன்றேன். திங்கள். செவ்வாய். செவ்வாயன்று நான் என்ன செய்தேன்?

சுற்றிலும் யாரோ எழுந்து போனார்கள், வந்தார்கள். வெயில் தரையில் ஒரு ஓடு தள்ளி விழுந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள் நர்ஸ்.

அவள் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் இல்லை" என்றேன்.